தூண்டில் போட்டால் விளையாட்டு, ஈட்டி குத்தினால் திருட்டு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில வடபகுதியில் ஏரி மீன் பெரிய தொழில். மீனவர் தொழில் அல்ல, சுற்றுலாத் தொழில். நகரத்துக் கனவான் விடுதியில் தங்குவார், வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவார், அவர் காட்டும் இடத்தில் தூண்டில் போடுவார், மாட்டியதைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்துக்கொள்வார்.

யார் அந்த வழிகாட்டி? லாக் டு ஃப்ளாம்போ பகுதியில் நெடுங்காலம் அந்தக் கூலிவேலைக்குப் போனவர்களில் பலர் ஒஜிப்வே பூர்வகுடிகள். அந்த ஊர்ப் பெயருக்கே தீப்பந்த ஏரி என்றுதான் பொருள். ராத்திரியில் பந்தம் பிடித்து, வெளிச்சத்தில் மின்னும் வால்ஐ மீனின் கண்ணைப் பார்த்து ஈட்டியால் குத்துவது அவர்கள் வழக்கம். எந்தப் பருவத்தில் எந்தப் பாறையோரம் மீன் ஒதுங்கும் என்கிற பாட்டன் வழி அறிவை வெள்ளையருக்குக் கூலிக்கு விற்கலாம். அதே அறிவை வைத்து, ஒதுக்கிவிட்ட எல்லைக்கு வெளியே தன் வீட்டுக்கு நாலு மீன் குத்தினால் கேஸ்.

1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தவர்கள் மீன்பிடி உரிமையைக் கொடுக்கவில்லை, தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அரசு போட்ட பிச்சை அல்ல அது. (இடஒதுக்கீட்டைச் சலுகை என்று வாய் கூசாமல் பேசுகிற நம்மூர் அறிவுஜீவிகளும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.) 1908இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. 1974இல் இரண்டு சகோதரர்கள் எல்லை தாண்டி மீன் குத்தி வழக்கில் மாட்டினார்கள். அந்தச் சண்டைதான் 1983இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமையை ஒத்துக்கொள்வதில் போய் முடிந்தது.

உடனே கனவான்களின் முகமூடி கழன்றது. 1980களின் கடைசியில் வசந்தகால இரவுகளில் படகுத்துறைகளில் வெறிக்கூட்டம். கல்லெறி, வசவு. மீனைக் காப்பாற்று, இந்தியனைக் குத்து என்று அட்டை வேறு. கேட்டால் மீன்வளம் அழியுதாம்! ஒஜிப்வேக்கள் குத்திய மீனைத் துறையிலேயே அதிகாரிகள் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். தூண்டில்காரரின் கூடையை அப்படி யார் எண்ணியது? ஈட்டியால் மீன்வளம் கெடவில்லை என்று 1991இல் அரசுகளும் பூர்வகுடிகளும் சேர்ந்து நடத்திய ஆய்வே சொல்லிவிட்டது. அதே ஆண்டு கூட்டரசு நீதிபதி பார்பரா கிராப் அந்தக் கும்பலுக்குத் தடை போட்டார்.

நமக்கு இது புதுசா என்ன? கண்மாய்த் தண்ணியின் போக்கு தெரிந்தவர் நீர்ப்பாய்ச்சி. பல ஊர்களில் அவர் சேரி ஆள். மடை திறக்க அவர் வேணும். மீன்பாசி ஏலத்தில் அவர் குரல் எடுபடுமா?

'முதலில் ஒற்றுமை, உரிமையெல்லாம் அப்புறம்' என்று நமக்கு வகுப்பெடுக்கும் இடதுசாரித் தோழர்களிடம் நான் இந்த ஏரிகளைத்தான் காட்டுவேன். கிராண்டன் என்ற இடத்தில் சுரங்கம் வரப்போகிறது, தண்ணி கெட்டுப்போகும் என்றானபோது, 1990களின் நடுவில், தூண்டில்காரர் சங்கங்கள் ஒஜிப்வேக்களோடு ஒரே மேடைக்கு வந்தன. எப்போது வந்தன என்பதைப் பாருங்கள். ஒஜிப்வேக்கள் கல்லடி பட்டும் ஈட்டியைக் கீழே போடாமல், நீதிமன்றத்திலும் ஜெயித்த பிறகு. 2003இல் ஒஜிப்வேக்களில் ஒரு பிரிவினரும் பொட்டவாட்டமி மக்களும் சேர்ந்து அந்தச் சுரங்க இடத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்.