இரைச்சல் எனப்படுவது யாது?

ஹெவி மெற்றல் இசைபற்றிப் பண்பாட்டுக் காவலர் வழங்கும் தீர்ப்பு ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றது: இரைச்சல். இத்தீர்ப்பை வழங்குவோருட் பலர் அவ்வகை இசைத்தட்டு ஒன்றினையேனும் தொடக்கமுதல் முடிவுவரை செவிமடுத்தவரல்லர். கேளாது கூறும் தீர்ப்பு விமரிசனமாகாது. மறுபுறம், இதனை ஆதரிப்போரும் இளைஞரின் கோபம், எதிர்ப்புக்குரல் என்றவாறு சமூகவியற் சொற்களை அடுக்குவதோடு அமைந்துவிடுகின்றனர். இரு சாராருக்கும் ஒலி ஒரு பொருட்டாகவில்லை.

ஒலியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 1965ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில், உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த ரொனி அயோமி என்ற இளைஞர், வேலையைவிட்டு விலகவிருந்த நாளன்று இயந்திரத்திற் சிக்கி வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவர் கிற்றார் நரம்புகளை அழுத்தும் கை அதுவே. உருக்கிய பிளாஸ்ரிக்கினால் விரலுறை செய்தும், மெல்லிய நரம்புகளைப் பூட்டியும், பின்னர் சுருதியைத் தாழ்த்தியும் அவர் வாசிப்பைத் தொடர்ந்தார். இவ்விசைக்குப் பெயர் தந்த கனத்த ஒலியில் ஒரு பங்கு, காயமுற்ற தொழிலாளி ஒருவர் தம் கைக்கேற்ப வாத்தியத்தைத் திருத்திக்கொண்டதன் விளைவாகும்.

அவரது குழுவான பிளக் சபத் 1970 பெப்ரவரியில் வெளியிட்ட முதல் இசைத்தட்டு, மழையொலிக்கும் மணியோசைக்கும் பின் மிக மெதுவானதொரு சுரத்தொடருடன் ஆரம்பிக்கின்றது. ஆதார சட்சத்துக்கும் பிரதிமத்திமத்துக்கும் இடைப்பட்ட தூரமே அதன் உயிர். ஐரோப்பியர் சாத்தானின் பெயரிட்டழைத்த அதே இடைவெளி கல்யாணி இராகத்தில் மங்களமாக ஒலிக்கின்றது! எனவே அச்சம் சுரத்திற் பிறப்பதன்று. அச்சுரம் வரும் வேகத்திலும், அது ஓய்ந்தபின் பாடகரின் குரல் ஏறத்தாழத் தனித்து நிற்கும் வெறுமையிலும் பிறப்பது. ஓங்குதலும் ஒடுங்குதலும் மாறிமாறி வருதலே இக்கலையின் அடிப்படை. ஒடுக்கமின்றேல் ஓங்கலுக்குப் பொருளில்லை.

இவ்வடிப்படையைத் தகர்த்தது எது என்பதற்கு மெற்றாலிக்கா குழு 2008 செப்ரெம்பரில் வெளியிட்ட 'டெத் மக்னெற்றிக்' தக்க சான்றாகும். அதன் முதற்பாடல் இதயத்துடிப்பின் ஒலியுடன் தொடங்குகின்றது. நான்காவது பாடல் மென்மையான கிற்றார் வாசிப்பிலிருந்து எட்டு நிமிட அளவில் வெறிவேகத்தை எட்டுகின்றது. அமைப்பில் முரண் உண்டு. ஒலிப்பதிவில் அது நசுக்கப்பட்டுள்ளது. எண்முறை இசைத்தட்டில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அவ்வரம்பை எட்டியபின்னும் சத்தத்தைக் கூட்ட விழைவோர், தாழ்ந்த ஒலிகளை மேலுயர்த்தி, அலைகளின் முகடுகளை வெட்டுகின்றனர். விளைவாக முரசின் அடி தன் கூர்மையை இழக்கின்றது, கரகரப்பு மேலோங்குகின்றது, எழுபது நிமிடங்களுக்கு மேலான இசை இடைவிடாத அழுத்தமாகிச் செவியைச் சோரச் செய்கின்றது. அயலிலுள்ள சரக்கைவிடத் தன் சரக்கு உரத்துக் கூவவேண்டும் என்ற சந்தை நியதிக்கு இதிற் பெரும்பங்குண்டு.

இக்குறையை முதலில் உரத்துச் சொன்னோர் யார்? இரைச்சல் விரும்பிகள் என இகழப்பட்ட அந்த ரசிகர்களே. 'கிற்றார் ஹீரோ' என்னும் கணினி விளையாட்டிற்கென வழங்கப்பட்ட அதே பாடல்கள் இத்துணை அமுக்கத்துக்கு உட்படாதிருந்தன. ரசிகர் இரண்டினையும் ஒப்புநோக்கினர். அலைவடிவங்களை அருகருகே வைத்துக் காட்டினர். மீளக் கலவைசெய்து வெளியிடுமாறு கோரிய விண்ணப்பத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். இறுதிப்படியைத் தயாரித்த ரெட் ஜென்சன், ஒலி தம் கைக்கு வருமுன்னரே அந்நிலையில் இருந்ததென்றார். குழுவின் முரசுக் கலைஞர் லார்ஸ் உல்றிச்சோ ஒலிப்பதிவில் குறைகாணவில்லை. இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பெற்றது. நிறுவனத்துக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை போலும்.

தாம் நேசித்த குழுவின் புதிய இசைத்தட்டை, விலைகொடுத்து வாங்கியபின், சுரத்துக்குச் சுரம் கேட்டுக் கண்டித்தவர்களைச் செவியற்றோர் என்பது எவ்வாறு பொருந்தும்? செவ்விசைக் கச்சேரிகளில் ஒலிபெருக்கியின் அலறலைப் பொறுத்துக்கொண்டு தலையசைக்கும் பெரியோர், இவர்கள்மீது இரைச்சற் குற்றம் சுமத்துமுன், டெத் மக்னெற்றிக்கின் எந்த வடிவத்தைக் கேட்டனர் என்பதையாவது கூறுதல் வேண்டும்.