இல்லறக் குறிப்புகள்: நாயின் கால் ஆணி

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். மனிதர் குறைகளே மலைபோல் குவிந்து கிடக்க, நாயின் காலைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்கக்கூடும். கேட்பதில் தவறில்லை. ஆயினும், நமது இல்லத்தில் ஒரு நாயின் கால் நொண்டியதால் ஒரு மூதாட்டியின் நடை நின்றுபோயிற்று. ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

நம் தந்தையார் மறைந்தபின், சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் தனித்திருந்த அன்னையாரை நாகபுரிக்கு அழைத்தோம். அன்னையார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "செவலையும் வரும் என்றால் நானும் வருகிறேன், ஐயா" என்றார். செவலை, தந்தையார் வளர்த்த சிப்பிப்பாறை நாய். நாயைத் தம்முடன் பெட்டியில் வைத்துக்கொண்டு வரவேண்டுமாயின் முதல் வகுப்பில் தனியறை முழுவதும் எடுக்கவேண்டும். எழுத்தர் சம்பளத்துக்கு அது எட்டுமா? பார்சல் அலுவலகத்தில் பதிந்து, பிரேக் வண்டியின் நாய்க்கூண்டில் ஏற்றினோம். வண்டி நெடுநேரம் நின்ற நிலையங்களில் எல்லாம் அன்னையார் இறங்கி ஓடிச் சென்று, கூண்டின் கம்பிகளுக்கிடையே விரலை நுழைத்துத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இங்கு வந்தபின் அன்னையாருக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. எனினும், மாலைதோறும் செவலையைப் பிடித்துக்கொண்டு குடியிருப்பின் கோடியிலுள்ள அரசமரம் வரை சென்று வருவார். உயர்ந்து மெலிந்த அந்த நாயைக் காணக் குழந்தைகள் கூடுவர். அக்குழந்தைகள் அவரை 'ஆஜி' என்று அழைக்கத் தொடங்கினர். ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. குழந்தைகளைத் தொடர்ந்து அவர்தம் தாய்மார் வந்தனர். மொழியின்றியே உறவு பிறந்தது.

ஓராண்டு சென்றபின் செவலை முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்தது. தார்ச்சாலையில் நொண்டும்; புல்தரையில் இறங்கினால் ஏறக்குறைய நன்றாகவே நடக்கும். சில நாட்களில் சாலைக்கு வரவே மறுத்துவிட்டது. அன்னையாரும் வாயிற்படியில் அமர்ந்துவிட்டார். "அத்தை, நான் உடன் வருகிறேன், நடந்து வரலாம்" என்று நம் இல்லாள் அழைத்தும் பயனில்லை. "செவலை இல்லாமல் அங்கே எனக்கு என்ன வேலை, தாயி?" என்றார்.

காலைக் கழுவி வெளிச்சத்தில் பார்த்தோம். நாயின் ஒவ்வொரு விரலின் அடியிலும் மெத்தைபோல் தடித்த கருந்தோல் உண்டு. அதில் ஒன்றின் நடுவே, சிறு பொத்தான் அளவில், வட்டமாய், வெளிறி, கல்போல் இறுகிய ஓரிடம் காணப்பட்டது. அதனை இரு பக்கத்திலிருந்தும் இலேசாக அழுத்தியவுடன் செவலை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. "இது கால் ஆணி" என்று அன்னையார் உடனே கூறிவிட்டார். பருத்திக் காட்டில் வெறுங்காலுடன் நாற்பது ஆண்டு உழைத்தவருக்கு அது தெரியாதா?

இதற்குமேல் நாம் செய்த தவற்றை மறைக்காமல் எழுதுகின்றோம். மனிதருக்கு ஒட்டும் ஆணிப் பிளாஸ்திரி ஒன்றை வாங்கி வந்து, செவலையின் காலில் ஒட்டித் துணியால் கட்டிவிட்டோம். அப்பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம். அது தடித்த தோலையும் அரிக்கும். நல்ல தோலையும் அரிக்கும். இரவில் நாய் கட்டைக் கடித்து அவிழ்த்து, மருந்தையும் நக்கிவிட்டது. காலையில் வாந்தி எடுத்தது. ஆணியைச் சுற்றியிருந்த நல்ல தோல் வெந்ததுபோல் வெளுத்துப் புண்ணாகியிருந்தது. அன்னையார் எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று முழுவதும் உண்ணாமல் நாயின் அருகிலேயே அமர்ந்திருந்தார். ஏசியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

புண் ஆறியபின் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அம்மருத்துவ அம்மையார், பல் மருத்துவர் வைத்திருப்பதைப் போன்ற மழுங்கிய கருவி ஒன்றால் ஆணியின் ஓரத்தை மெல்ல நெம்பி, உள்ளிருந்த கூம்பை அப்படியே எடுத்துவிட்டார். குருதி வரவில்லை. செவலை மருத்துவமனைப் படிகளில் நான்கு காலையும் ஊன்றி இறங்கியது. தீர்ந்தது துன்பம் என்று மகிழ்ந்தோம். ஏழு வாரங்களில் அதே விரலில், அதே இடத்தில், ஆணி மீண்டும் வந்துவிட்டது.

மனம் சலித்துப்போய் மறுபடியும் சென்றபோது, அம்மையார் பொறுமையுடன் விளக்கினார். நகமும் மயிரும் எப்பொருளால் ஆயினவோ அதே கெரட்டின் என்னும் பொருளே ஆணியிலும் உள்ளது. தோல் அழுத்தத்துக்கு ஆளாகும்போது, தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. அத்தடிப்பு கூம்புபோல் உள்நோக்கி வளர்ந்து, ஒவ்வோர் அடி வைக்கும்போதும் கூழாங்கல்லைப்போல் உறுத்துகிறது. மேல்நாட்டுக் கிரேஹவுண்டு நாய்களிடமே இந்நோய் மிகுதி. நம் சிப்பிப்பாறையும் அவற்றைப் போலவே மெலிந்த, விரைந்தோடும் வேட்டை நாய். இத்தகைய நாய்களுக்கு விரலடியில் கொழுப்பு குறைவு. உடலின் பாரம் முன்னங்கால்களின் நடு இரு விரல்களிலேயே பெரிதும் விழுகிறது. ஆகவே ஆணியும் பெரும்பாலும் அவ்விரல்களிலேயே தோன்றுகிறது. உள்ளே புதைந்த முள் அல்லது மணல், பழைய காயத்தின் தழும்பு, ஒருவகை மருவை உண்டாக்கும் நுண்கிருமி ஆகியவையும் காரணமாகலாம் என்று ஆராய்ந்தோர் கூறுவர். அழுத்தம் இருக்கும்வரை ஆணி திரும்பும் என்பதே அம்மையார் கூறியதன் சாரம்.

அறுவை செய்து முழுவதும் நீக்கிவிட்டால் என்ன என்று கேட்டோம். அறுத்து எடுத்த பின்பும் பல நாய்களுக்குத் திரும்புகிறதாம். விரலையே எடுத்துவிட்டால் பாரம் பக்கத்து விரலுக்கு மாறி, அங்கு ஆணி தோன்றக்கூடுமாம். விரலை மடக்கும் தசைநாண் ஒன்றை வெட்டி, அழுத்தத்தையே குறைக்கும் அறுவையை அண்மைக் காலத்தில் இங்கிலாந்து மருத்துவர்கள் கிரேஹவுண்டுகளுக்குச் செய்து நற்பயன் கண்டிருக்கின்றனர். அது தேர்ந்த அறுவை மருத்துவரின் வேலை. நம்போன்றோர் வீட்டில் செய்யக்கூடியது, ஆணியை மென்மையாக வைத்திருப்பதும், காலின் கீழுள்ள தரையை மாற்றுவதுமே.

இது கேட்டபோது நமக்கு இருப்புப்பாதை நினைவு வந்தது. பாதையை ஒரு முறை போட்டுவிட்டதோடு வேலை முடிந்துவிடுகிறதா? கீமேன் என்பவர் நாள்தோறும் தம் பகுதி முழுவதும் நடந்து, தளர்ந்ததை இறுக்கிக்கொண்டே செல்கிறார். அவர் நடப்பதால் வண்டி ஓடுகிறது. நாயின் ஆணிக்கும் அத்தகைய காவலே மருந்து. நாம் கைக்கொண்ட முறைகளை அன்பர்களின் பயனுக்காகக் கீழே தருகின்றோம்.

முதலாவது, ஆணிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் முறை மருத்துவரே பார்க்கவேண்டும். முள்ளோ கண்ணாடிச் சில்லோ புதைந்திருந்தாலும் நாய் இப்படியே நொண்டும். கால் வீங்கினாலும், சீழ் அல்லது குருதி வந்தாலும், சதை விரைந்து வளர்ந்தாலும் வீட்டில் கைவைக்கக் கூடாது. விரலில் கட்டிகளும் தோன்றுவதுண்டு. எல்லாக் கால் மெத்தைகளும் மூக்கும் ஒருங்கே தடித்து இறுகினால் அது ஆணியன்று; டிஸ்டெம்பர் முதலிய நோய்களின் அடையாளமாக இருக்கலாம்.

இரண்டாவது, ஊறவைத்தல். வாரத்தில் மூன்று நாள், வெதுவெதுப்பான நீரில் காலைப் பத்து நிமிடம் வைத்திருங்கள். பின்னர் விரல் இடுக்குகளில் ஈரம் தங்காதபடி நன்றாகத் துடையுங்கள். ஈரம் நின்றால் வேறு புண் வரும். ஊறிய ஆணியின் மேற்பரப்பைக் குதிகால் தேய்க்கும் கல்லால் மிக இலேசாக நாலைந்து முறை தேய்த்தால் போதும். ஒரே நாளில் தேய்த்து எடுத்துவிட முயலாதீர்கள். நாய் காலை இழுத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, எண்ணெய்ப்பசை. இரவில் வாசலின் அல்லது தேங்காயெண்ணெய் சிறிது தடவி, குழந்தையின் பழைய பருத்திக் காலுறையை அரைமணி நேரம் அணிவித்து, நாயின் அருகிலேயே அமர்ந்திருங்கள். நூலாலோ ரப்பராலோ இறுக்கிக் கட்டவேண்டா. குருதி ஓட்டம் நின்றால் பாதத்துக்கே கேடு.

நான்காவது, காலின் கீழுள்ள தரை. இதுவே தலையாயது. செவலை படுக்கும் இடத்திலும் நடமாடும் வழியிலும் பழைய சாக்குகளை மடித்து விரித்தோம். நடை மண்ணிலும் புல்லிலும் மட்டுமே என்று வகுத்தோம். நாகபுரியில் கோடையில் வெயில் 45 பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்களும் உண்டு. தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லையெனில் நாயாலும் முடியாது. நகம் நீண்டால் விரலின் பாரம் இடம் மாறும். ஆகையால் அளவாக வெட்டிவிடவேண்டும். நாய் பருத்தால் பாரமும் கூடும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஐந்தாவது, பாதக்காப்பு. சாலையைக் கடந்தே தீரவேண்டுமே, என் செய்வது? நிலையத்தின் வெளியே அமர்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரிடம் பழைய ஹவாய்ச் செருப்பு ஒன்றைக் கொடுத்தோம். அவர் அதனை வெட்டி அடியாக வைத்து, மேலே கித்தான் துணி தைத்து, ஒரு சிறு உறை செய்து தந்தார். ஆணி படும் இடத்தில் மட்டும் ரப்பரில் ஒரு குழி வெட்டினார். அவ்விடத்தில் தரை உறுத்துவதில்லை. முதல் மூன்று நாள் செவலை அதனை உதறி உதறி எறிந்தது. நாலாம் நாள் ஏற்றுக்கொண்டது. வீடு திரும்பியதும் கழற்றிவிடுவோம். உராய்ந்து சிவந்திருக்கிறதா என்றும் பார்ப்போம்.

செய்யத் தகாதனவும் உண்டு. பிளேடால் செதுக்காதீர்கள். ஆணிப் பிளாஸ்திரியோ, மருவுக்கு வைப்பதுபோல் சுண்ணாம்போ வைக்காதீர்கள். வலி தீரட்டும் என்று நமக்குள்ள மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்து உயிருக்கே ஊறு செய்யக்கூடும். நாய்க்கென்றே வலிமருந்துகள் உள. அவற்றையும் மருத்துவர் குறித்த அளவிலேயே கொடுக்கவேண்டும். மருத்துவரைத் தேடுவோர் கால்நடை மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். மும்பை பரேலில் 1886-இல் தொடங்கிய கல்லூரியும், 1903-இல் தொடங்கிச் சென்னை வேப்பேரியில் இயங்கும் கல்லூரியும் பழம்பெருமை வாய்ந்தவை. இங்கு நாகபுரியிலும் ஒரு கல்லூரி உண்டு.

அலுவலகப் பழக்கத்தால், இதற்கென ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றோம். நாள், ஊறவைத்தது, நொண்டியது, நொண்டாதது என்று நான்கு கட்டம். பதினான்கு மாதம் நிறைந்துவிட்டது. ஆணி போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இரண்டு முறை மருத்துவ அம்மையார் மீண்டும் கூம்பை எடுத்தார். முன்பு ஏழு வாரத்தில் திரும்பியது; இப்போது ஐந்து, ஆறு மாதம் தாங்குகிறது. குறிப்பேட்டில் 'நொண்டியது' என்ற கட்டம் பல வாரங்களாக வெறுமையாகவே கிடக்கிறது.

இப்போது நாம் மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது வாயிற்படியில் எவரும் அமர்ந்திருப்பதில்லை. மைதானத்து மண்பாதையில் கித்தான் உறை அணிந்த ஒரு காலும் வெறுங்கால் மூன்றுமாகச் செவலை முன்னே நடக்க, அன்னையார் பின்னே செல்கிறார். சென்ற வாரம் வியப்பான காட்சி ஒன்று கண்டோம். அடுத்த வீட்டு மராட்டிய அம்மையார் தம் குதிகால் வெடிப்பைக் காட்டி ஏதோ கேட்க, நம் அன்னையார் தரையில் அமர்ந்து, நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவும் முறையைக் கைச்சாடையால் விளக்கிக்கொண்டிருந்தார். செவலை இருவர்க்கும் நடுவே படுத்து உறங்கிக்கொண்டிருந்தது.

இத்துறையில் வேறு அனுபவமுடைய அன்பர்கள் சங்க முகவரிக்கு எழுதினால் இப்பகுதியில் நன்றியுடன் வெளியிடுவோம். குளிர்காலம் நெருங்குவதால், வடபுலத்துக் குளிரில் தயிர் உறையாமல் வருந்தும் இல்லத்தரசியர்க்கான குறிப்புகளை அடுத்த திங்கள் எழுதுவோம்.