சும்மா கிடக்கிற நிலமா அது?



போன கார்த்திகையில் ஒரு வேலையாகக் குஜிலியம்பாறைப் பக்கம் போயிருந்தேன். மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ரோட்டை ஒட்டி, கிளுவை வேலி போட்ட ஒரு காடு. உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல். ஒவ்வொரு தாளின் தலையிலும் விரல் நீளத்துக்கு ஒரு கதிர், ஊதாவும் பழுப்பும் கலந்து, அணில் வால் மாதிரி. வெயிலில் அது மினுங்கியதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, செல்போனில் நாலு படம் எடுத்தேன்.

படலுக்குப் பக்கத்தில் செம்மறி பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, "ஏன் சாமி, போயும் போயும் புல்லைப் போட்டோ புடிக்கிறீங்க?" என்றார்.

"இது என்ன புல்லுங்க ஆத்தா?"

"கொழுக்கட்டைப் புல்லு. இது இருக்கிற வரைக்கும் எங்க வீட்டுல கஞ்சிக்குப் பஞ்சமில்ல."

ஒரு கதிரைப் பறித்துக் கையில் கொடுத்தார். தொட்டால் பட்டு மாதிரி இருக்கிறது. குத்தும் முள் எதுவும் இல்லை. கட்டைவிரலால் உருவினால் மணிகள் பஞ்சு பஞ்சாகக் கழன்று வந்துவிடும். மிஞ்சுகிற நடுக்காம்பு மட்டும், ஸ்வெட்டரைப் பிரித்தெடுத்த நூல் போல நெளிநெளியாக நிற்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பேன்ட் மடிப்பில் இருபது முப்பது விதைகள். ஆட்டு ரோமத்திலும் காற்றிலும் ஏறி ஊர் ஊராகப் போவதற்குத்தான் அதற்கு அந்தப் பஞ்சு.

அந்தப் பாட்டி சொன்ன வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த மாதம் உங்களோடு புல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் ரோட்டில் வேடசந்தூர் தாண்டிப் போகிறவர்களும், ஒட்டன்சத்திரத்திலிருந்து தாராபுரம் போகிறவர்களும் ஜன்னல் வழியாக இந்த நிலத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மண், அதில் பாதி சரளைக்கல். கொஞ்சம் தோண்டினால் சுக்கான். நெல்லுக்கும் வாழைக்கும் இந்த மண் சரிப்படாது. ஆனால் கொழுக்கட்டைப் புல்லுக்கு இதுதான் பிடித்த இடம். தண்ணீர் தேங்குகிற களிமண்ணில் போட்டால் அழுகிவிடும். வடிகிற மண் வேண்டும், வெயில் வேண்டும், வருஷத்துக்கு நாலு நல்ல மழை வேண்டும். வேர் ஆறடி ஆழத்துக்கும் கீழே இறங்கும். கோடையில் மேலே காய்ந்து சருகாக நிற்கும், தூர் மட்டும் உயிரோடு இருக்கும். சித்திரையில் ஒரு கோடை மழை விழட்டும், ஒரே வாரத்தில் துளிர் எட்டிப் பார்க்கும்.

ஆப்பிரிக்கா, அரேபியா, பாகிஸ்தான், ராஜஸ்தான், குஜராத், தமிழ்நாடு, இலங்கை என்று வறண்ட பூமி முழுக்க இதன் சொந்தபந்தம் பரவியிருக்கிறது. ராஜஸ்தானில் 'அஞ்சன்' என்பார்கள். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் இந்தப் புல்லுக்காகப் பல வருஷம் உழைத்திருக்கிறது. 1771இல் லின்னேயஸ் இதற்கு 'சென்க்ரஸ் சிலியாரிஸ்' என்று பெயர் வைத்தார். சிலியாரிஸ் என்றால் இமை முடி போல ரோமம் உள்ளது என்று அர்த்தம். நம் ஊர்க்காரர்களுக்கு அதைப் பார்த்ததும் கொழுக்கட்டை ஞாபகம் வந்திருக்கிறது. எனக்கு நம் பெயர்தான் பிடித்திருக்கிறது!

இந்தப் புல் தனியாக வாழ்வதில்லை. நான் சொல்ல வந்த விஷயமே அதுதான்.

கொங்குச் சீமையிலும், அதை ஒட்டிய நம் திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்கு, வடக்குப் பகுதிகளிலும் 'கொறங்காடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், அரவக்குறிச்சி, குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் என்று இந்த ஊர்களுக்கெல்லாம் பொதுவான சொல் அது. தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். சுற்றிலும் முள்கிளுவை வேலி. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கொறங்காடு. ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் தள்ளாடும்.

எப்படி என்கிறீர்களா?

கிளுவைப் போத்தை வெட்டி வரிசையாக நட்டால் போதும், வேர் பிடித்து உயிர்வேலி ஆகிவிடும். சிமென்ட் தூண் வேண்டாம், கம்பி வேண்டாம். வேலி இருப்பதால் ஆள் இல்லாமலேயே மாடு மேயும். காலையில் படலைத் திறந்துவிட்டு, சாயங்காலம் போய் ஓட்டிவந்தால் சரி. அறுபது வயசு அம்மாவால்கூடப் பத்து உருப்படியைச் சமாளிக்க முடிவது இதனால்தான். மாடு வெளியே போய் அடுத்தவர் வெள்ளாமையைக் கடிக்காது, அதனால் ஊரில் பாதிச் சண்டை இல்லை.

வெள்வேலம் வேறு வகையில் கை கொடுக்கிறது. அதன் நிழல் கனமான நிழல் இல்லை. வெயில் சல்லடையில் சலித்த மாதிரி கீழே விழும், அதனால் அடியிலும் புல் நன்றாக வரும். பங்குனி, சித்திரை, வைகாசியில் புல் காய்ந்துபோகும் நேரம் பார்த்து மரத்திலிருந்து நெத்து உதிரும். செம்மறிக்கு அது விருந்து. மரம் விறகுக்கும் கூரைக்கும் ஆகும். பட்டைச் சாராயம் என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அந்தப் பட்டை இந்த மரத்துப் பட்டைதான்.

இந்த மூன்றுக்கும் நடுவே செப்புநெருஞ்சில், அருகு, ஆவாரை, ஊசிப்புல் என்று குட்டிச் செடிகள். செப்புநெருஞ்சில் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கிறது. புழுக்கை, சாணம் எல்லாம் அங்கேயே விழுகிறது. யூரியா மூட்டையை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. கௌதாரி முட்டையிட இடம், முயலுக்குப் பதுங்க இடம், வானம்பாடிக்குத் தரை.

விவரம் தெரிந்த குடும்பங்கள் நிலத்தை மூன்று நாலு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒன்றில் மாடு மேயும்போது மற்றவை ஓய்வில் இருக்கும். புதுமழையில் புல் கதிர் விட்டு, விதை உதிர்ந்த பிறகுதான் மாட்டை உள்ளே விடுவார்கள். முதலில் மாடு, பின்னால் செம்மறி. இதை எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? அப்பா செய்வதைப் பார்த்துப் படித்ததுதான். காங்கேயம் காளையின் காலுக்கும் திமிலுக்கும் வலு வந்தது இந்தச் சரளை நிலத்தில் நடந்து, இந்தப் புல்லைத் தின்றுதான்.

சரி, டவுனில் பிளாட்டில் இருக்கும் நமக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. ஒட்டன்சத்திரத்து வெண்ணெயை உருக்கி நெய் காய்ச்சாத வீடு நம் பக்கத்தில் எத்தனை? அந்த வெண்ணெய் எங்கிருந்து வந்தது? ஞாயிற்றுக்கிழமை மட்டன் எடுக்கிறோம். பழைய சமையல் மாஸ்டர்களைக் கேளுங்கள், திண்டுக்கல் பிரியாணிக்குக் கன்னிவாடிச் சந்தை ஆடு என்று ஒரு தனி மரியாதையோடு சொல்வார்கள். மூலனூர் பக்கத்துக் கன்னிவாடியைச் சொல்கிறார்கள், அதுவும் கொறங்காட்டுச் சீமைதான். சீரகச் சம்பாவுக்குக் கொடுக்கிற பெருமையில் கொஞ்சம் அந்தப் புல்லுக்கும் சேரவேண்டும்.

அய்யலூரில் வியாழக்கிழமை விடிவதற்குள் ஆட்டுச்சந்தை களை கட்டிவிடும். ஒரு தடவை போய் நின்று பாருங்கள். ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஒருவருக்கு ஜூனில் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். இன்னொருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு. நகையை அடகு வைத்தால் வட்டி ஏறும், ஆடு வட்டி கேட்காது. ஆனால் மேய்ச்சல் இல்லாமல் தீவன மூட்டை வாங்கிப் போட்டு வளர்த்தால் அந்தக் கணக்கு கட்டுப்படியாகுமா? பிண்ணாக்கு விலையும் வைக்கோல் கட்டு விலையும் மாட்டுக்காரர் வீட்டோடு நிற்பதில்லை. நம் பால் டம்ளர் வரைக்கும் வருகிறது.

இவ்வளவு தருகிற நிலத்துக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? 'தரிசு.' வெள்ளைக்காரன் காலத்து ரெவின்யூ ரெக்கார்டில் வரி வருகிற நிலம், வராத நிலம் என்று பிரித்தார்கள். வராததெல்லாம் தரிசு. டெல்லியில் அரசு வெளியிடுகிற வரைபடத் தொகுப்பும் புதர் மண்டிய மேய்ச்சல் நிலத்தைப் பாழ்நிலக் கணக்கில்தான் சேர்க்கிறது. பாழ் என்று பெயர் வைத்துவிட்டால் அதை என்ன செய்தாலும் நல்ல காரியம் ஆகிவிடும், இல்லையா? பிளாட் போடலாம், சோலார் பேனல் நிறுத்தலாம், மண் அள்ளலாம்.

மரமும் நடலாம். இதைச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது. 'சும்மா கிடக்கிற நிலத்தில் மரம் நடுங்கள்' என்று இதே பக்கத்தில் நானும் எழுதியிருக்கிறேன். மரம் நல்லதுதான். ஆனால் புல் நிலத்தில் நெருக்கமாக மரம் நட்டால், கீழே இருந்த புல் நிழலில் செத்துப்போகும். பச்சையாக இருப்பதெல்லாம் காடாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தது என் தவறு. புல்வெளி காடாக மாறாமலேயே முழுமையானது என்று இப்போது சொல்கிறேன்.

கொறங்காட்டை விற்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பையன் திருப்பூரிலோ கோயமுத்தூரிலோ வேலையில் இருக்கிறான். மாடு பார்க்க ஆள் இல்லை. முருங்கை போட்டால் கையில் காசு வருகிறது. நாலு ஏக்கரை வைத்துக்கொண்டு புல்லைக் காப்பாற்று என்று ஊர் நியாயம் பேசிவிட்டு, நாம் பாக்கெட் பாலுக்கு ஒரு ரூபாய் கூடினால் முணுமுணுப்பது சரியா?

விற்காத நிலத்துக்கும் ஒரு எதிரி இருக்கிறது. சீமைக்கருவேலம். 1870களில் வெளிநாட்டிலிருந்து மதராஸ் மாகாணத்துக்கு விதை வந்தது. விறகுக்கு ஆகும் என்றுதான் கொண்டுவந்தார்கள். நெத்தைத் தின்ற ஆடு மாடு, புழுக்கையிலும் சாணத்திலும் விதையைப் பரப்பியது. அது அடர்ந்த இடத்தில் கொழுக்கட்டைப் புல் தலை தூக்காது.

இதில் ஒரு விசித்திரம் கேளுங்கள். ஏறக்குறைய அதே 1870களில் நம் கொழுக்கட்டைப் புல் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்கிறது. ஒட்டகக்காரர்கள் சேணத்துக்குள் மெத்தையாகத் திணித்த புல்லோடு விதையும் போய் இறங்கியது. இன்று அங்கே அது பெரிய தலைவலி. காய்ந்து நின்று தீப்பிடிக்கிறது, உள்ளூர்ச் செடிகளை எரிக்கிறது. அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் பெரிய கள்ளிகளை இந்தப் புல்லின் தீயிலிருந்து காப்பாற்ற, தன்னார்வலர்கள் கையாலேயே பிடுங்குகிறார்கள். இங்கே கஞ்சி ஊற்றுகிற புல் அங்கே களை. அங்கே வெள்வேலம் இல்லை, கிளுவை இல்லை, பதம் பார்த்து மேய்க்கிற அந்தப் பாட்டியும் இல்லை. கூட இருக்கிறவர்களைப் பொறுத்துத்தான் ஒரு புல்லின் குணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்பிக்கைக்கு ஒரு செய்தியும் உண்டு. அய்யலூர், கடவூர் பக்கத்து முள்காட்டையும் ஒரு காலத்தில் யாரும் மதித்ததில்லை. அங்கே தேவாங்கு வாழ்கிறது என்று எடுத்துச் சொல்லச் சொல்ல, 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் கடவூர் தேவாங்கு சரணாலயம் ஆனது. நாட்டிலேயே தேவாங்குக்கு அதுதான் முதல் சரணாலயம். புல்லுக்குத் தேவாங்கைப் போலப் பெரிய கண்கள் இல்லை, அதற்காகப் பேச ஆள் வேண்டும். இந்த 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. பேசுவதற்கு இதைவிட நல்ல நேரம் எது?

நிலம் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு யோசனை. ஒரு ஏக்கராவது புல்லுக்கு விடுங்கள். முற்றிய கதிரை உருவி விதை சேர்த்து, காயவைத்து, ஆறு மாதமாவது வைத்திருங்கள். பறித்த உடனே விதைத்தால் சரியாக முளைக்காது, அதற்கு உறக்கம் உண்டு. ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். பஞ்சு விதை காற்றில் பறக்கும் என்பதால் ஈர மண்ணில் பிசைந்து தூவுங்கள், ஆழமாக மூட வேண்டாம். இதன் நெருங்கிய சொந்தமான நீலக் கொழுக்கட்டைப் புல்லில் வேளாண் பல்கலைக்கழகம் கோ-1 ரகம் வெளியிட்டிருக்கிறது. பக்கத்து கால்நடை மருத்துவரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரியுங்கள். முதல் வருஷம் விதை உதிரும்வரை மாட்டை விடாதீர்கள்.

நிலம் இல்லாதவர்களும் செய்ய ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஒரு நிலம் பதிவேட்டில் இருக்கும். அது எங்கே, இப்போது யார் கையில், தெரியுமா? கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. நாம் கேட்காவிட்டால் அந்த உத்தரவு காகிதத்தில்தான் இருக்கும்.

அடுத்த கிராம சபை எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போய் உட்காருங்கள். மேய்க்கால் எத்தனை ஏக்கர், எந்த சர்வே நம்பர் என்று கேளுங்கள். பதிலை எனக்கு எழுதுங்கள், கூடவே உங்கள் ஊர்ப் பாட்டிகள் சொல்கிற புல் பெயர்களையும். வருகிற கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்