பாசமலருக்கு ஏன் எட்டாவது இடம்?

போன வாரம் நம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கலாட்டா. ஒருவன் "தமிழின் தலைசிறந்த பத்து பழைய படங்கள்" என்று ஒரு பட்டியல் போட்டான். முதலிடம் பாசமலர். இன்னொருவன் முதலிடம் கர்ணனுக்குத்தான் என்றான். எம்.ஜி.ஆர். ரசிகர்கள் ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டு, மறுநாள் காலை வணக்கத்தோடு திரும்பி வந்தார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து "டீச்சர், நீங்களே திருத்திடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் சிவப்பு மை பிடித்த கை, சும்மா இருக்குமா? அத்தான், சித்தி, நாத்தனார் பிள்ளைகள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறீர்கள் என்பதால் முகநூலிலேயே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். கண்ணாடியைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் பாதிப் பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் திருத்தலில் கருணை மதிப்பெண் கிடையாது. "அந்தக் காலத்துப் படம் டீச்சர்" என்று யாரும் சிபாரிசுக்கு வர வேண்டாம். "இப்ப வர்ற படமெல்லாம் குப்பை, அந்தக் காலத்துல எல்லாமே காவியம்" என்று எழுதியிருக்கும் தம்பிக்குத் தனியாகச் சொல்கிறேன். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து நான் பார்த்த படங்களில் முக்கால்வாசி எனக்கே ஞாபகமில்லை. ஞாபகமில்லாததற்குக் காரணம், அவை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி இல்லை. வாரத்துக்கு ரெண்டு படம் மாற்றுவார்கள். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள், முறுக்குக்காரர் உள்ளே வருவார். சில படங்களில் அந்த முறுக்கு மட்டும்தான் நன்றாக இருந்தது. நாம் இன்று "பழைய படம்" என்று சொல்வது அறுவடையில் பதர் எல்லாம் பறந்துபோன பிறகு நின்ற நெல்லை. இன்றைய படங்கள் இன்னும் தூற்றப்படாமல் களத்தில் கிடக்கின்றன. ரெண்டையும் பக்கத்தில் வைத்து எடை போட்டால் எப்படி?

சரி, பாசமலருக்கு வருகிறேன். என் பட்டியலில் அதற்கு எட்டாவது இடம். முதலிடம் முள்ளும் மலரும்.

அக்கா இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரிக்குள் போன் பண்ணுவாள். பரவாயில்லை.

ரெண்டு படத்தையும் வேண்டுமென்றேதான் ஜோடியாக எடுத்தேன். பாசமலர் 1961-ல் வந்தது, அப்போது நான் இடுப்புக் குழந்தை. முள்ளும் மலரும் 1978-ல் வந்தபோது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இடையில் பதினேழு வருஷம். ஆனால் கதையின் அடித்தளம் ஒன்றேதான். இரண்டிலும் அப்பா அம்மா இல்லாத ஓர் அண்ணன், ஒரு தங்கை. தங்கை மனதில் ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் அண்ணனுக்கும் வேலை செய்யும் இடத்திலேயே மோதல். அங்கே அண்ணன் முதலாளி, மாப்பிள்ளை தொழிலாளர் பக்கம் நிற்பவன். இங்கே தலைகீழ், அண்ணன் விஞ்ச் ஓட்டுகிறவன், மாப்பிள்ளை அவனுக்கு மேலே உள்ள எஞ்சினியர். ஒரே கேள்வித்தாளுக்கு ரெண்டு பிள்ளைகள் எழுதிய விடைத்தாள் மாதிரி. ஒப்பிட இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

பாசமலரில் எனக்குப் பிடித்த பகுதி எது தெரியுமா? எல்லோரும் அழுகிற கடைசிக் கட்டம் இல்லை, ஆரம்பம். அண்ணனுக்கு வேலை போய்விடுகிறது. அவன் இடிந்துபோய் நிற்கும்போது, தங்கை வீட்டில் பொம்மை செய்து சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறாள். அந்தப் பணத்தில்தான் அண்ணன் தொழில் தொடங்கி முதலாளியாகிறான். சாவித்திரி அந்த இடத்தில் செய்வது பெரிய நடிப்பாகவே தெரியாது, அதுதான் பெரிய நடிப்பு. ஆனால் பங்களா வந்ததும் படம் அந்தப் பெண்ணை மறந்துவிடுகிறது. முதல் போட்டவள் அவள். கை வேலை தெரிந்தவள். அப்படிப்பட்டவள் அதற்குப் பிறகு படம் முழுக்கச் செய்வதெல்லாம் காத்திருப்பதும் அழுவதும்தான். அவள் திறமை எங்கே போனது என்று ஆரூர்தாஸ் வசனத்திலும் பதில் இல்லை, பீம்சிங் இயக்கத்திலும் இல்லை.

குடும்பம் பிரிவதற்கு ஓர் அத்தையைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். எல்லாப் பழியும் அந்த அத்தை தலையில். இது அந்தக் காலத்துப் படங்களின் சுலப வழி. வீட்டுக்குள் ஒரு கெட்டவளை உட்கார வைத்துவிட்டால், "அண்ணனின் பாசத்திலேயே ஏதாவது கோளாறு இருக்கிறதா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். தங்கை வாழ்க்கை அண்ணனைச் சுற்றித்தான் என்பதைக் கதை கேள்வியே கேட்காமல் ஒப்புக்கொள்கிறது. கடைசியில் அண்ணன் பார்வை இழந்து வருகிறான், ரெண்டு பேரும் கைகோத்து இறந்துபோகிறார்கள். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையும் சிவாஜியின் குரலும் சேர்ந்து நம்மை உலுக்கி எடுத்துவிடுவதால் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அவள் கணவன் உயிரோடு இருக்கிறான், குழந்தை இருக்கிறது. இருந்தும் அண்ணனோடு சேர்ந்து சாவதுதான் அவளுக்குப் பெருமை என்று படம் சொல்கிறது. அதைப் பார்த்து நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு "பாசம்னா இது" என்று எழுந்து வந்தோம்.

முள்ளும் மலருமில் கெட்டவர் யாருமே இல்லை. எஞ்சினியர் நல்லவன். காளி முரடன், ஆனால் அவனும் நல்லவன்தான். சிக்கல் முழுக்கக் காளியின் மனசுக்குள்ளேயே இருக்கிறது. வேலையும் போகிறது, ஒரு கையும் போகிறது, வீம்பு மட்டும் போக மாட்டேன் என்கிறது. தங்கையை எஞ்சினியருக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறான். ஊரே தங்கை பக்கம். கட்டிய மனைவி மங்காகூட அந்தப் பக்கம். அவன் தனியாக நிற்கிறான். அப்போது வள்ளி, போகிற கூட்டத்தை விட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். பாசமலர் வழியில் போயிருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும், தங்கை அண்ணனுக்காகத் தன் வாழ்க்கையை விட்டுவிட்டாள் என்று. மகேந்திரன் அங்கே நிறுத்தவில்லை. தங்கை தன்னிடம் வந்துவிட்டாள் என்பதே காளிக்குப் போதுமாக இருக்கிறது. அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவனே ஒப்படைக்கிறான். ஒப்படைக்கும்போதும் எஞ்சினியரிடம் உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறான். எனக்குப் பிடிக்கிறதா என்பது வேறு, அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பது வேறு. இந்த வித்தியாசம் அவனுக்குப் புரிந்துவிட்டது. நம் வீடுகளில் எத்தனை அண்ணன்களுக்கு இது புரிந்திருக்கிறது?

இதை நான் சும்மா சினிமா ஞானத்தில் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண். பெயர், ஊர் எதுவும் சொல்ல மாட்டேன். கணக்கில் அப்படி ஒரு மூளை, நான் கரும்பலகையில் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போக வேண்டும். அப்பா அம்மாவுக்குச் சம்மதம். அண்ணன் மட்டும் வேண்டாம் என்றான். வீட்டுக்கே போய்ப் பேசினேன். மரியாதையாகப் பாய் விரித்து, காபி கொடுத்து, "அது என் உசுரு டீச்சர். அதனாலதான் அனுப்பல" என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. நடிக்கவில்லை. அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவள் எந்தப் பள்ளியிலும் இல்லை.

அந்தக் கண்ணீரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதனால்தான் எத்தனை கைக்குட்டை நனைந்தது என்று பார்த்து நான் படத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை.

"1961 படத்தை 1978 படத்தோடு ஒப்பிடலாமா டீச்சர், காலம் வேற இல்லையா?" என்று வக்கீலாக இருக்கும் நம் மாணவி கேட்பாள். கேட்கட்டும். 1954-லேயே அந்த நாள் வந்துவிட்டதே! எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் வசனம். பாட்டு இல்லை, நடனம் இல்லை. நாட்டைக் காட்டிக்கொடுக்கும் கணவனாகச் சிவாஜி, அவரை எதிர்த்து நிற்கும் மனைவியாகப் பண்டரிபாய். கணவனே ஆனாலும் தப்பு தப்புதான் என்று ஒரு பெண் நிமிர்ந்து நின்றது பாசமலருக்கு ஏழு வருஷம் முன்னால். ஆகவே காலத்தின் மேல் பழி போட வேண்டாம். அந்த நாள் என் பட்டியலில் இரண்டாவது.

பீம்சிங்கைக் குறைத்துச் சொல்வதாகவும் நினைக்க வேண்டாம். அவரே எழுபதுகளில் ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள் கதையைப் படமாக எடுத்தார். லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்த படம். பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு பெண்ணைச் சொந்தக்காரர்கள் எப்படியெல்லாம் கூண்டில் வைக்கிறார்கள் என்பதை அதில் பாருங்கள். பாசமலர் எடுத்தவரே அதற்குப் பதில் எழுதின மாதிரி இருக்கும். அதற்கு ஆறாவது இடம்.

மகேந்திரனும் வசனத்தில் ஊறியவர்தான். சிவாஜியின் தங்கப்பதக்கத்துக்கு எழுதியவரே அவர். அப்படிப்பட்டவர் தான் இயக்க வந்த முதல் படத்தில் பேச்சைக் குறைத்து, பாலு மகேந்திராவின் கேமராவையும் இளையராஜாவையும் ஷோபாவின் கண்களையும் பேச விட்டார். உமாசந்திரன் நாவலைப் படித்துவிட்டுப் படம் பார்த்தவர்கள் எவ்வளவு மாற்றியிருக்கிறார் என்று சொல்லிச் சண்டைக்கு வருவார்கள். நல்ல சண்டைதான், இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். "அப்ப உதிரிப்பூக்கள்?" என்று கேட்பீர்கள். அது இதைவிடப் பெரிய படமாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்தால் எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்காது. பட்டியலுக்கு வெளியே, தனியாக வைத்திருக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாவது தில்லானா மோகனாம்பாள். சிவாஜிக்காக என்று நினைத்தீர்களா? ஜில் ஜில் ரமாமணி மனோரமாவுக்காக, வைத்தி நாகேஷுக்காக, நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்த மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களுக்காக. நான்காவது ஸ்ரீதரின் நெஞ்சில் ஓர் ஆலயம். ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே மொத்தக் கதையையும் நகர்த்திக் காட்டினார், 1962-ல். ஆனால் கடைசியில் அந்த டாக்டரைச் சாகடித்ததற்காக ஐந்து மதிப்பெண் குறைத்தேன். நல்லவன் என்றால் செத்தே ஆக வேண்டுமா? அதே ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை ஐந்தாவது. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை என் பேத்தி போனில் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அதில் பாதிப் பெருமை கதை சொல்பவருக்கு, பாதி அந்த முகத்தோடு கேட்பவருக்கு. ஏழாவது எங்க வீட்டுப் பிள்ளை. எம்.ஜி.ஆர். ரசிகர்களைச் சமாதானப்படுத்த வைத்ததல்ல. பயந்தவனாக அவர் நடிக்கிற பகுதியைத் திரும்பப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கர்ணனை 2012-ல் புதுப்பித்து வெளியிட்டபோது தியேட்டரில் போய்ப் பார்த்தேன். கூட்டம் நன்றாகவே இருந்தது. பாட்டுகளுக்கு நூற்றுக்கு நூறு, படத்துக்கு ஒன்பதாவது இடம். பத்தாவது வியட்நாம் வீடு. ஆனால் ரிட்டயர்டு ஆனவர்கள் அதைப் பார்க்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட ஆலோசனை. பிரெஸ்டீஜ் பத்மநாபனைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் ஒருவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

பாசமலருக்கு எட்டாவது இடம் கொடுத்ததே சாவித்திரிக்காகத்தான், அந்தப் பொம்மைகளுக்காகத்தான். இந்தப் படத்தைத் தெலுங்கில் ரக்த சம்பந்தம் என்று எடுத்தபோதும் தங்கை வேடத்தில் அதே சாவித்திரிதான். வேறு யாரைப் போட முடியும்?

இனி உங்கள் முறை. கீழே உங்கள் வரிசையை எழுதுங்கள். வெறும் படப் பெயர் மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது, காரணம் வேண்டும். அக்கா, நீ மட்டும் போனிலேயே திட்டிக்கொள், இங்கே வேண்டாம். பிள்ளைகள் படிக்கிறார்கள்.