வைத்தியரின் மனச்சாட்சியும் நோயாளியின் உயிரும்



"மனச்சாட்சி" என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். கடவுள் என்றால் எப்படிக் கேள்வி கேட்கக் கூடாதோ, மதம் என்றால் எப்படி வாய் திறக்கக் கூடாதோ, அப்படியே மனச்சாட்சி என்றாலும் எதிர்த்துப் பேசக் கூடாது என்பதாக ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. இவ்வழக்கத்தின் நிழலில் ஒதுங்கிக்கொண்டு, பல தேசங்களில் வைத்தியர்களும், நர்சுகளும், மருத்துவச்சிகளும், "எங்கள் மதம் இடம் கொடுக்கவில்லை, எங்கள் மனச்சாட்சி ஒப்பவில்லை, ஆகவே இன்ன சிகிச்சையை நாங்கள் செய்யமாட்டோம், அதற்காக எங்களை வேலையிலிருந்து நீக்கவும் கூடாது" என்று கேட்டு, அதற்குச் சட்டப் பாதுகாப்பும் பெற்றிருக்கிறார்கள். இது எவ்வளவு தூரம் நியாயம் என்பதைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

முதலில் நம் நாட்டுச் சங்கதி ஒன்றைக் கேளுங்கள். 1929-ம் வருஷம் டிசம்பர் மாதம் 12-ந் தேதி "யங் இந்தியா" பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர் கத்தியவார்ப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர். டாக்டர் அம்பேத்கர் அவர்களும் அக்கடிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆசிரியரின் மனைவியார் பிள்ளை பெற்ற இரண்டு நாளில் நோயாய் விழுந்தார். வைத்தியரோ, "சேரிக்குள் வரமாட்டேன், பரிசோதிக்கவும் மாட்டேன்" என்றார். ஊர்ப் பெரிய மனிதர் இரண்டு ரூபாய் பீசுக்கு ஜாமீன் நின்ற பிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக இசைந்தார். பச்சைக் குழந்தையோடு அந்த அம்மையாரைத் தூக்கி வந்தார்கள். வைத்தியர் தர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்தார். முஸ்லிம் புருஷன் கையில் கொடுத்தார். புருஷன் மனைவி கையில் கொடுத்தார். வந்த வழியே அது திரும்பிப் போயிற்று. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து, "நிமோனியா" என்று சொல்லிவிட்டு, மருந்தை அனுப்பினார் வைத்தியர். பிறகு வந்து பார்க்க மறுத்துவிட்டார். அந்த அம்மையார் இறந்து போனார்.

இந்த வைத்தியரைப் பிடித்து, "ஏனய்யா இப்படிச் செய்தாய்?" என்று கேட்டிருந்தால், "நான் ஈவிரக்கமற்றவன்" என்றா சொல்லியிருப்பார்? ஒருக்காலும் இல்லை. "என் ஆசாரம், என் தர்மம், என் மனச்சாட்சி" என்றுதான் சொல்லியிருப்பார். பீசுக்கு ஜாமீன் கேட்கத் தடை செய்யாத அந்த மனச்சாட்சி, நாடி பிடிக்க மாத்திரம் தடை செய்தது!

இதற்குச் சிலர், "அவர் ஆளையே வெறுத்தார்; நாங்கள் ஆளை வெறுக்கவில்லை, கருக்கலைப்பு போன்ற காரியத்தைத்தான் வெறுக்கிறோம்; இரண்டும் ஒன்றா?" என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பெண்ணின் பக்கத்திலிருந்து பாருங்கள். "உன்னைத் தொடமாட்டேன்" என்றாலும், "உனக்கு வேண்டியதைச் செய்யமாட்டேன்" என்றாலும், அவள் சிகிச்சை இல்லாமல் திரும்பிப் போகவேண்டியதுதானே? கஷ்டத்திற்கு இரண்டு பெயர் வைத்துவிட்டால் கஷ்டம் பாதியாகிவிடுமா?

நிற்க. மனச்சாட்சிக்காக மறுத்தவர்கள் உலகத்தில் முன்னும் இருந்திருக்கிறார்கள். 1916-ம் வருஷம் இங்கிலாந்தில் கட்டாயப் பட்டாளச் சட்டம் வந்தபோது, "மனிதனை மனிதன் கொல்லமாட்டேன்" என்று மறுத்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களுக்கு மாலையா போட்டார்கள்? சிறையில் தள்ளினார்கள். 35 பேருக்கு மரண தண்டனையே விதித்து, பிறகு அதைக் கடுங்காவலாகக் குறைத்தார்கள். அவர்கள் தங்கள் மனச்சாட்சிக்கு உண்டான விலையைத் தாங்களே கொடுத்தார்கள். இன்றைய வைத்தியரின் மறுப்பில் விலை கொடுப்பது யார்? வைத்தியருக்குச் சம்பளம் குறைவதில்லை, உத்தியோகம் போவதில்லை. கொடுப்பவள் நோயாளி! கொள்கை ஒருவருக்கு, கஷ்டம் மற்றொருவருக்கு என்றால், இதற்கு மனச்சாட்சி என்று பெயர் வைப்பது சுத்தப் புரட்டல்லவா?

சட்டங்கள் என்ன செய்தன என்பதைப் பார்ப்போம். பிரிட்டனில் 1967-ம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டம், மனச்சாட்சி ஒப்பாதவர் அச்சிகிச்சையில் கலந்துகொள்ள வேண்டியதில்லை என்கிறது. ஆனால் தாயின் உயிருக்கோ, உடம்புக்கு நிரந்தரமான பெருங்கேட்டுக்கோ இடமிருந்தால் இந்தச் சாக்குச் செல்லாது என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. இவ்வளவோடு திருப்தியடைந்தார்களா? சுகாதார நிலையம் ஒன்றில் எழுத்து வேலை பார்த்த ஒரு அம்மாள், கருக்கலைப்புக்காக எழுதும் கடிதத்தை டைப் அடிப்பதும் பாவம் என்று வழக்காடினார். 1988-ல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளிற்று. பிறகு கிளாஸ்கோவில் இரண்டு மருத்துவச்சிகள், கீழுள்ள நர்சுகளை மேற்பார்வை பார்ப்பதும் பாவம் என்று வழக்காடினார்கள். "கலந்துகொள்வது என்றால் கையால் செய்வது; மேற்பார்வை அல்ல. மறுப்பவர், செய்யக்கூடிய மற்றொருவரிடம் நோயாளியை அனுப்பக் கடமைப்பட்டவர்" என்ற கருத்துப்பட 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. இடம் கொடுத்தால் இந்த மனச்சாட்சி கையிலிருந்து டைப் மெஷினுக்கும், அங்கிருந்து மேற்பார்வைக்கும் எப்படித் தாவுகிறது பார்த்தீர்களா?

இத்தாலியின் கதையோ இதைவிட விசேஷம். 1978-ம் வருஷத்துச் சட்டம் பெண்களுக்குக் கருக்கலைப்பு உரிமையை ஒரு கையால் கொடுத்தது. மறுக்கும் உரிமையை வைத்தியருக்கு மறு கையால் கொடுத்தது. பலன் என்ன? 2021-ம் வருஷத்து சர்க்கார் கணக்குப்படியே, பெண் மருத்துவ நிபுணர்களில் பத்துப் பேருக்கு ஆறு பேருக்கு மேல் மறுப்பவர்கள்! பெண்கள் ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது. எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இச்சிகிச்சை கிடைக்கச் செய்யவேண்டும் என்ற பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது, ஏட்டில் இருக்கிறது! ஐரோப்பிய சமூக உரிமைக் கமிட்டி இத்தாலியின் மேல் குற்றம் கண்ட முடிவுகள் 2014-லும் 2016-லும் வெளியாயின. மறுக்காமல் வேலை செய்யும் வைத்தியர்களே உத்தியோகத்தில் கஷ்டப்படுத்தப்படுகிறார்கள் என்பதும் 2016-ல் வெளியாயிற்று. அப்படியானால், கஷ்டப்படும் பெண்ணுக்கு உதவவேண்டும் என்று ஒரு வைத்தியருக்குத் தோன்றுகிறதே, அது மனச்சாட்சி இல்லையா? "மாட்டேன்" என்பதற்குத்தான் மனச்சாட்சி என்று பெயரா?

சுவீடனிலோ இப்படிப்பட்ட சட்டமே இல்லை. கருக்கலைப்பில் உதவ மறுத்ததால் வேலை கிடைக்காத இரண்டு மருத்துவச்சிகள் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்குப் போனார்கள். 2020-ல் அவர்கள் மனுக்கள் தள்ளப்பட்டன. அதனால் சுவீடனில் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

அப்படியானால் வைத்தியருக்கு மனச்சாட்சியே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கட்டும். 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலைக் காலத்தில், ஏழைகளைப் பிடித்து வந்து பலவந்தமாகக் கருத்தடை செய்தார்களே, அப்போது "என் கத்தி இதற்கு அல்ல" என்று ஒரு வைத்தியர் மறுத்திருந்தால், அவருக்கு நாம் எல்லாப் பாதுகாப்பும் கேட்போம். ஏனெனில், அது நோயாளியைக் காப்பதற்காகச் செய்யும் மறுப்பு. நாம் கண்டிப்பது நோயாளியைக் கைவிடுவதற்காகச் செய்யும் மறுப்பையே.

ஆகவே நாம் கேட்பது நாலே காரியங்கள். மறுப்பவர் தம் மறுப்பை வேலைக்கு வரும்போதே சொல்லிவிட வேண்டும். மறுத்தால் அந்த க்ஷணமே செய்யக்கூடியவரிடம் நோயாளியை அனுப்ப வேண்டும். உயிருக்கு ஆபத்து என்ற இடத்தில் எந்தச் சாக்கும் செல்லக் கூடாது. செய்யக்கூடிய ஆள் ஒருவரையாவது ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் வைப்பது சர்க்காரின் கடமையாக வேண்டும்.

மனச்சாட்சி உள்ளவர் வழியை விட்டு ஒதுங்கி நிற்கலாம். வழியை மறித்து நிற்க அவருக்கு யோக்கியதை கிடையாது. ஆஸ்பத்திரி கட்டியது வைத்தியர் மோட்சத்துக்குப் போவதற்கல்ல. நோயாளி உயிரோடு வீட்டுக்குப் போவதற்கே என்பதை அறிவுள்ளவர்கள் யோசித்துப் பார்ப்பார்களாக!