தனிமங்களின் புணரியல்

இரசாயன நூலைக் கண்டவளவில் அஞ்சி அகலும் மாணவர் பலர். அவ்வச்சத்திற்குக் காரணம் நூலன்று, கற்பிக்கும் முறையே என்பது எம் துணிபு. தனிம வரிசை அட்டவணையில் இன்று 118 தனிமங்கள் உள. அவற்றின் பெயரையும் குறியீட்டையும் இணைதிறனையும் நெட்டுருச் செய்கின்றோம். அவை ஏன் அவ்வாறு அடுக்கப்பட்டன என்று வினவுவோர் சிலரே. காரணம் அறியாது கற்றது தேர்வோடு மறைந்தொழிதல் இயல்பன்றோ?

தமிழ் கற்றார்க்கு அக்காரணம் முற்றும் புதிதன்று. தொல்காப்பியர் உயிர்மயங்கியலிலும் புள்ளிமயங்கியலிலும் சொற்களை ஈறு நோக்கியே வகுத்தார். மரம், குளம், நிலம் என்பன பொருளால் வேறானவை. எனினும் மகர ஈற்றால் ஓரினமாகி, மரக்கிளை, குளக்கரை, நிலக்கரி என ஒரு நெறியிற் புணர்கின்றன. இடையெழுத்துக்கள் எவையாயினும், நிலைமொழி ஈறும் வருமொழி முதலுமே புணர்ச்சியை முடிவு செய்வன.

அணுவின் இயல்பும் இதனை ஒத்ததே. அணுக்கருவைச் சூழ்ந்து எலக்ட்ரான்கள் கூடு கூடாக அமைந்துள்ளன. பிறவணுவோடு பிணையுங்கால் பெரும்பாலும் தொழிற்படுவன வெளிக்கூட்டில் உள்ளனவே. அவற்றையே இணைதிறன் எலக்ட்ரான்கள் என்பர். லித்தியத்தின் அமைப்பு 2, 1. சோடியத்தினது 2, 8, 1. பொட்டாசியத்தினது 2, 8, 8, 1. கூடுகளின் எண்ணிக்கை வேறாயினும் ஈற்றில் நிற்பது ஒன்றே. ஆதலின் அவை ஒரே தொகுதியில் நிற்கின்றன. மூன்றும் நீரோடு கூடி ஹைட்ரஜனை வெளிப்படுத்துகின்றன.

குளோரினின் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் உள. சோடியம் தன் ஒன்றை ஈய, குளோரின் அதனை ஏற்க, இரண்டன் வெளிக்கூடும் எட்டாய் நிறைகின்றது. ஈந்தது நேர்மின்னும் ஏற்றது எதிர்மின்னும் பெற்று ஒன்றையொன்று ஈர்த்து நிற்கும். தனித்தனியே தீங்கு செய்யும் இவ்விரண்டும் இங்ஙனம் கூடியதே தூத்துக்குடி உப்பளங்களில் விளையும் உப்பு. இஃது அயனிப் பிணைப்பு. நீரிலோ ஈதலும் ஏற்றலும் இல்லை. ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து கொள்கின்றன. இது சகப்பிணைப்பு. முன்னரே எட்டு நிறைந்த நியானோ எதனோடும் கூடாது தனித்து நிற்கின்றது.

இரும்பு ஒருகால் இரண்டும் ஒருகால் மூன்றும் இழப்பதுண்டே எனின், உண்மையே. ஆண்டு உட்கூட்டு எலக்ட்ரானும் தொழிற்படுகின்றது. புறனடை உண்மையால் இலக்கணம் பொய்யாகாது.

இவ்விலக்கணத்தின் ஆற்றலை வரலாறு காட்டும். 1869-ல் மெண்டலீவ் தம் அட்டவணையில் அலுமினியத்தை அடுத்து அதன் இனத்தது ஒன்று உளதெனக் கருதி இடம் விட்டு வைத்தார். 1875-ல் காலியம் கண்டறியப்பட்டு அவ்விடத்தை நிரப்பிற்று. அதே 1875-ல் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவராய்த் தொண்டாற்றிய சாமுவேல் கிறீன் என்பாரின் முயற்சி அது. மதுரை மிஷன் 1834-ல் அந்த யாழ்ப்பாண மிஷனிலிருந்தே கிளைத்தது. பின்னர், 1916-ல் லூயிஸ் என்னும் அறிஞர் எலக்ட்ரான் இணையைப் பகிர்தலே பிணைப்பு என விளக்கினார். அவ்வாண்டிலேயே சேலத்தில் இராஜாஜி முதலானோர் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். ஆதலின் பின்தங்கியது தமிழன்று. அதனைக் கையாளாத நாமே.

உயர்கல்வி ஆங்கிலத்தில் நிகழ, தமிழிற் கற்று யாது பயன் என்பாரும் உளர். காரணத்தைத் தாய்மொழியில் உணர்ந்தவன் ஆங்கிலத்திற் புகுங்கால் புதிதாய்க் கற்க வேண்டுவன பெயர்களே. பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் உருவிட்டவனுக்கோ எம்மொழியிலும் காரணம் கைவராது.

கோரிப்பாளையத்து நம் கல்லூரியில் தமிழ் மாணவரும் இரசாயன மாணவரும் ஒரே மரநிழலில் நடந்தும், ஒருவர் நூலை மற்றவர் தொடுவதில்லை. இரு சாராரும் கூடி ஆண்டுதோறும் இவ்விதழுக்கு ஓர் அறிவியற் கட்டுரையேனும் எழுதுதல் வேண்டும். இரசாயன மாணவர் பொருள் தருக. தமிழ் மாணவர் சொல் தருக. முன்னோர் நம் கையில் ஒப்புவித்த தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்தல் நமக்குத் தகாது.