அடுத்தவர் பாரம் எப்போதும் இலேசு

போன மாதம் எங்கள் பின்சந்துத் தறிக்காரர் வீட்டில் செபக்கூட்டம். அது எட்டுத் தறி ஓடிய கொட்டகை. இப்போது இரண்டுதான் மிச்சம். மற்ற ஆறும் பழைய இரும்புக்கு எடை போட்டுப் போய்விட்டன. கழற்றிய இடத்தில் சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. அந்தக் கறையின் மேல் பாய் விரித்து உட்கார்ந்து செபமாலை சொன்னோம்.

செபம் முடிந்ததும் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு சகோதரர் பேசினார். நல்ல குரல். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் நான்காம் அதிகாரத்தை எடுத்தார். (எங்கள் வீட்டில் சின்னப்பர், மற்ற சபை நண்பர்கள் பவுல் என்பார்கள்.) இவ்வுலகத் துன்பம் எடையில் இலேசு, காலத்தில் சொற்பம், வரப்போகும் மகிமையோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று விளக்கினார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, "தறி போனால் என்ன ஐயா, நித்தியம் போகவில்லையே" என்றார். சிலர் அல்லேலூயா சொன்னார்கள். தறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லாரும் போனபின் அவர் மனைவி காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "அவரு சொன்னது சரியாத்தானுங்க சார் இருக்கும். ஆனா பத்தாந்தேதி தவணைக்காரன் வர்றானுங்களே, அவனுக்கு என்னங்க சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அந்தச் சகோதரரோடு மனதுக்குள் போட்ட சண்டையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவனுக்கு விசுவாசம் போய்விட்டது என்று போன் வரும். எனக்கு மறுவுலகத்தில் சந்தேகம் இல்லை. எழுபத்தைந்தை நெருங்குகிறவனுக்கு, மனைவியை முன்னால் அனுப்பிவிட்டவனுக்கு, அந்தச் சந்தேகம் கட்டுப்படியும் ஆகாது. என் சண்டை மோட்சத்தோடு அல்ல. மோட்சத்தை எடுத்து அடுத்தவன் வாயை அடைக்கிறவர்களோடு.

சின்னப்பர் அந்த வார்த்தையை யாருக்குச் சொன்னார்? அதே கடிதத்தில் இன்னும் ஏழு அதிகாரம் தள்ளிப் படியுங்கள். ஐந்து தடவை முப்பத்தொன்பது கசையடி, மூன்று தடவை தடியடி, ஒரு தடவை கல்லெறி, மூன்று தடவை கப்பல் உடைந்தது, பசி, குளிர், கந்தை. அத்தனையும் தன் உடம்பில் வாங்கியவர், தன் துன்பத்தைத் தானே நிறுத்து, இலேசு என்றார். தராசும் அவருடையது, சுமையும் அவருடையது. கொரிந்து நகரத்து விதவை ஒருத்தியின் வீட்டுக்குப் போய், "உன் பாரம் இலேசம்மா" என்று அவர் சொன்னதாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

இதை நான் சொல்லத் தகுதியுள்ளவனா என்று கேட்டால், இல்லை. நானும் இதே குற்றத்தைச் செய்தவன்தான்.

நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் வகுப்பில் எதற்கெடுத்தாலும் வாத்தியார் "பசியான்ஸ், பசியான்ஸ்" என்பார். பொறுமை என்று அர்த்தம். மதியம் மணி அடிக்கும் முன்னால் அவர் அதைச் சொன்னால், "சார், அதுலயே பசி இருக்கு சார்" என்று பையன்கள் முனகுவோம். பிற்பாடு அரசாங்க எழுத்தரானேன். எண்பதுகளில் என் மேசைக்கு ஓர் அம்மாள் வந்துகொண்டே இருந்தார். புருஷன் பணியில் இருக்கும்போதே இறந்தவர். குடும்ப ஓய்வூதியக் கோப்பு. அதில் ஒரு சான்றிதழ் குறைவு. அது எங்கள் அலுவலகத்திலிருந்தே வர வேண்டியது. நான் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினால் போதும். அனுப்பவில்லை. சோம்பல், வேறொன்றும் இல்லை. அவர் கழுத்தில் செபமாலை இருந்ததைப் பார்த்து, "பொறுமையா இருங்கம்மா, ஆண்டவர் பாத்துக்குவார்" என்று மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கோப்பு என் இழுப்பறையில் கிடப்பதை. நான் அந்த அம்மாளுக்குச் சொன்ன பசியான்ஸில் அவருக்குக் கேட்டது முதல் இரண்டெழுத்து மட்டும்தான் என்று இப்போது புரிகிறது.

யோபுவின் கதையை எல்லாரும் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். யோபு பொறுமையாகவா இருந்தார்? பிறந்த நாளைச் சபித்தார், கடவுளை வழக்குக்குக் கூப்பிட்டார். அவருடைய நண்பர்கள்தான் அழகான தத்துவம் பேசினார்கள். அவர்கள் வந்து ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரி. எட்டாம் நாள் பேச ஆரம்பித்தார்கள், கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது முறையிட்ட யோபுவிடம் அல்ல, தனக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்களிடம். இதைப் பிரசங்கத்தில் சொல்லக் கேட்டவர்கள் கை தூக்குங்கள்.

இதே யோபுவின் கதை நம் தமிழ் மண்ணில் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரி. என் சாதி என்று சொல்லிக்கொள்வேன். அரசாங்க உத்தியோகஸ்தர் சாதி. அடுத்தடுத்து வந்த நஷ்டங்களில் அவர் மனம் ஒடிந்திருந்தபோது, தளபதி டி லன்னாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது நமக்கு வந்துள்ள செய்தி. இந்த டி லன்னாய் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரான்சின் ஆரஸ் நகரத்தில் பிறந்து டச்சுக்காரர்களிடம் வேலை பார்த்தவர். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுக் கைதியானவர். பிறகு அதே ராஜாவின் படையைப் பயிற்றுவித்துத் தளபதியானாலும் ஊர் திரும்பவே இல்லை. 1777-ல் உதயகிரிக் கோட்டையிலேயே இறந்தார். நானும் என் மனைவியும் 2013-ல் அங்கே போயிருந்தோம். இடிந்த சிற்றாலயத்துக்குள் அவர் கல்லறை. கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது.

ஆக, நொந்திருந்தவருக்கு யோபுவைச் சொன்னது சுகமாக வந்து சுகமாகத் திரும்பும் பேச்சாளர் அல்ல. தோற்றவர், பிடிபட்டவர், வீட்டை இழந்தவர். அதனால்தான் அந்தப் பேச்சு நீலகண்ட பிள்ளையின் நெஞ்சில் இறங்கியது என்பது என் அபிப்பிராயம். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று லாசர், அதாவது தேவசகாயம் ஆனார். 1749-ல் கைது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள். 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமாபுரியில் புனிதரானார். அந்த மனிதர் நித்தியத்தைப் பற்றிப் பேசினால் நான் எழுந்து நின்று கேட்பேன். முதுகு அவருடையது.

இன்னொருவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்திலிருந்து வந்து, கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண்குழந்தைகளை எடுத்து வளர்த்தவர். 1931-ல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன் பிறகு 1951-ல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் அறையும் கட்டிலும்தான். நோயாளிகளுக்கு ஆறுதல் என்று வரும் துண்டுப்பிரசுரங்கள் அவருக்கு எரிச்சலூட்டின. அவை சுகமுள்ளவர்கள் சுகமில்லாதவர்களுக்கு எழுதியவை என்றார். அதனால் 1933-ல் தானே ஒரு புத்தகம் வெளியிட்டார், படுத்திருப்பவர் படுத்திருப்பவர்களுக்கு எழுதியதாக. அவருடைய சபை வேறு, என் சபை வேறு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த அம்மாளின் கட்டில் பக்கம்தான் நான்.

வொல்த்தேரைப் பற்றி எங்கள் பள்ளியில் ஜாக்கிரதையாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். திருச்சபைக்கு ஆகாத ஆள். 1755-ல் சகல புனிதர் திருநாளன்று லிஸ்பன் நகரத்தில் பூகம்பம் வந்து, பூசைக்குப் போன ஜனங்கள் கோவிலோடு புதைந்தார்கள். எல்லாம் நன்மைக்கே என்று அதற்கும் விளக்கம் சொன்ன பண்டிதர்களை அவர் கிழிகிழியென்று கிழித்தார். பையனாக இருந்தபோது அவர் கடவுளைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை. அப்போது காரைக்காலில் வேலையில் இருந்தேன். கிளிஞ்சல்மேடு பக்கம் நிவாரணப் பட்டியல் எழுதப் போனவன், ஒரு தகப்பன் குழந்தைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். அன்று என் கையில் பேனா இருந்தது நல்லதாகப் போயிற்று. வாயால் ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

இனி, என்னை அதிகம் உறுத்துகிற விஷயம். நித்தியத்தை நாம் யாருக்குக் காட்டுகிறோம்? எங்கள் பக்கத்துக் கூலி விசைத்தறிக்காரர்களுக்கு நூல் சொந்தமில்லை, துணி சொந்தமில்லை. ஜவுளி உற்பத்தியாளர் கொடுக்கும் பாவை ஓட்டி, காடா துணியாக்கிக் கொடுத்து, மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். ஒப்புக்கொண்ட கூலி உயர்வைக் கொடுங்கள் என்று 2022 ஜனவரியில் தறியை நிறுத்தினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சத்தமே இல்லை. அதே வருஷம் செப்டம்பரில் மின்கட்டணமும் ஏறியது. அந்த நாட்களில்தான் எங்கள் தறிக்காரர் முதல் இரண்டு தறியை விற்றார். அவரிடம் போய் இதெல்லாம் சொற்பகாலம் என்கிறோம். கூலியைப் பிடித்து வைத்துக்கொள்கிறவரிடம், வட்டி வாங்குகிறவரிடம், "உங்கள் லாபமும் சொற்பகாலம்தான் ஐயா" என்று யாராவது போய்ச் சொல்லியிருக்கிறோமா? வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது. யாகப்பர் தம் கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், கொடுக்காமல் வைத்துக்கொண்ட கூலி கடவுளின் காதுக்குக் கூப்பாடு போடுகிறது என்று பணக்காரர்களைப் பயமுறுத்துகிறார். லூக்காஸ் எழுதியதில், வாசலில் கிடந்த லாசரைத் தாண்டித் தாண்டிப் போன செல்வந்தனுக்குத்தான் மறுவுலகம் நெருப்பாகக் காட்டப்படுகிறது. வேதம் நித்தியத்தைச் சாப்பிட்டவன் பக்கம் திருப்பிப் பிடிக்கிறது. நாம் பசித்தவன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

"அப்படியானால் துக்க வீட்டில் என்னதான் சொல்வது?" என்று கேட்பீர்கள். லாசரின் கல்லறைக்கு முன்னால் ஆண்டவர் அழுதார். இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறவர் அவர். நித்தியப் பார்வை என்றால் அவரைவிட யாருக்கு இருந்தது? அவரே மார்த்தாளிடம் உயிர்ப்பைப் பற்றிப் பேசினார், வாஸ்தவம். பேசிவிட்டு, அழுதார், பிறகு கல்லைப் புரட்டச் சொன்னார்.

2019 ஐப்பசியில் என் மனைவி இறந்தபோது வந்தவர்கள் நிறையப் பேசினார்கள். ஆண்டவர் தம் தோட்டத்துப் பூவைப் பறித்துக்கொண்டார் என்றார் ஒருவர். நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தைப் பூப்பறித்த கதையாக்கிவிட்டார். தலையாட்டினேன். அன்று ராத்திரிதான் ஒன்றைக் கவனித்தேன்: பின்சந்தில் சத்தம் இல்லை. இராப்பகலாக ஓடும் எட்டுத் தறியையும் நிறுத்தியிருந்தார் அந்த மனிதர். அடக்கம் முடியும்வரை இரண்டு நாள். தறி நின்றால் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்கு எனக்குத் தெரியும். அதைப் பற்றி இன்றுவரை அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவருடைய வீட்டில், அவருடைய கறை படிந்த தரையில் உட்கார்ந்து, இன்னொருவர் அவர் பாரத்தை இலேசு என்றபோது நான் வாய் மூடி இருந்தேன். அது ஏழு நாள் உட்கார்ந்திருந்தவர்களின் மௌனம் அல்ல. விருந்தாளி வருத்தப்படுவாரே என்ற மௌனம்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். "தம்பி, கடன் காகிதத்தையெல்லாம் எடுங்க" என்றேன். எனக்குப் பிரசங்கம் வராது, மனு எழுத வரும். முப்பத்தேழு வருஷம் அதைத்தான் செய்தேன். தவணைக் காலத்தை நீட்டித்துத் தரச் சொல்லி நான்கு பக்கம் எழுதி, தறி விற்ற ரசீதுகளை இணைத்து, இருவருமாகப் போய்க் கொடுத்தோம். ஒரு படிவம் குறைகிறது என்று திருப்பிவிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் "கொஞ்சம் பொறுமையா இருங்க பெரியவரே" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தறிக்காரருக்கு ஏன் என்று புரியவில்லை.

படிவம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம்.